உடலைப் படித்த கருவிகள் – 14: கட்டியைப் பார்த்தவர் யார்?

லண்டனில் 1884 நவம்பர் 25 அன்று ரிக்மன் காட்லீ என்ற அறுவை மருத்துவர் 25 வயது இளைஞர் ஒருவரின் மண்டையோட்டைத் திறந்தார். உள்ளே கட்டி இருக்கிறது என்று சொல்ல அவர் கையில் எந்தப் படமும் இல்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்படவே இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் அலெக்சாண்டர் ஹியூஸ் பென்னட் என்ற நரம்பியல் மருத்துவர். அந்த இளைஞருக்கு முகத்தின் இடது பக்கமும் இடது கையும் வெட்டி வெட்டி இழுத்தன. பிறகு கை செயலிழந்தது. கண்ணுக்குள் பார்வை நரம்பு வீங்கியிருந்தது. குரங்கு மூளையில் மின்சாரம் பாய்ச்சி, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று டேவிட் ஃபெரியர் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தார். பென்னட் அறிகுறிகளை அந்த வரைபடத்தோடு பொருத்திப் பார்த்து, மூளையின் வலது பக்கத்தில், கையை ஆளும் பகுதியில் கட்டி இருந்தாக வேண்டும் என்றார். காட்லீ திறந்த இடத்தில் அக்ரூட் கொட்டை அளவில் கட்டி இருந்தது. நோயாளி 28 நாட்களில் கிருமித்தொற்றால் இறந்துபோனார். கணிப்பு மட்டும் தவறவில்லை.

மருத்துவப் படங்களின் கதையைச் சொல்பவர்கள் இந்த நிகழ்ச்சியைக் 'கண் தெரியாத காலம்' என்ற தலைப்பில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு எக்ஸ்-ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., செயற்கை நுண்ணறிவு என்று படிப்படியாகக் கண் திறந்துகொண்டே வந்ததாக எழுதுவது வழக்கம். இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளிலும் அந்தச் சாயல் கொஞ்சம் இருந்திருக்கும். மூளைக்கட்டி விஷயத்தில் அந்தக் கதை பொருந்தாது என்பதே இந்த இதழின் வாதம். எந்தக் கருவியும் இதுவரை மூளைக்கட்டியைப் பார்த்ததில்லை. கட்டி தள்ளிவிட்டதை, கட்டி கசியவிட்டதை, கட்டியால் நீர் கோத்துக்கொண்டதைப் பார்த்திருக்கின்றன. அங்கிருந்து கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எப்போதும் ஊகம்தான். பென்னட் செய்ததும் அதுதான், இன்றைய கணினி செய்வதும் அதுதான். ஊகம் என்பதைத் தரக்குறைவான சொல்லாக நான் பயன்படுத்தவில்லை. நல்ல ஊகம் உயிரைக் காக்கும். ஆனால் ஊகத்தைக் காட்சி என்று எடுத்துக்கொண்டால் எங்கே பிசகும் என்பதற்கு இந்த வரலாற்றிலேயே நிறையச் சான்று கிடைக்கிறது.

எக்ஸ்-ரேயிலிருந்தே தொடங்கலாம். எலும்பு முறிவைக் கண்ணாடிபோலக் காட்டிய அந்தக் கதிர் தலைக்குள் நுழைந்ததும் தடுமாறிப் போனது. மண்டையோடு கதிரைத் தடுக்கும். உள்ளே இருக்கும் மூளையோ அடர்த்தியில் ஏறத்தாழத் தண்ணீர்தான், கட்டியும் அப்படியே. படத்தில் எல்லாம் ஒரே சாம்பல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வால்டர் டாண்டி 1918-இல் இதற்கு வழி கண்டார். வயிற்று எக்ஸ்-ரேயில் வாயு கறுப்பாகத் தெளிந்து தெரிவதை அவர் கவனித்திருந்தார். மூளையின் நடுவே நீர் நிரம்பிய அறைகள் உண்டு. மண்டையில் துளையிட்டு, ஊசியால் அந்த நீரை இறக்கிவிட்டு, அதே அளவு காற்றைச் செலுத்திப் படம் எடுத்தால் அறைகளின் வடிவம் கறுப்பாக விழும். வலது பக்கத்தில் கட்டி இருந்தால் வலது அறை நசுங்கும், இரண்டு அறைகளும் சேர்ந்து இடப்பக்கம் ஒதுங்கும். அடுத்த ஆண்டே முதுகுத்தண்டின் வழியாகக் காற்றை ஏற்றும் முறையையும் அவர் எழுதினார். நோயாளிக்கு இது கொடுமையான பரிசோதனை. தலை பிளக்கும் வலியும் வாந்தியும் மணிக்கணக்கில் நீடிக்கும், தலைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தவர்களுக்கு உயிராபத்தும் உண்டு. ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகெங்கும் இதைச் செய்தார்கள், வேறு வழி இல்லாததால்.

போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் 1927-இல் இன்னொரு சுற்றுவழியைப் பிடித்தார். கழுத்துத் தமனியில் எக்ஸ்-ரேயைத் தடுக்கும் திரவத்தைச் செலுத்தி, மூளையின் ரத்தக்குழாய்களைப் படமெடுத்தார். முதலில் பயன்படுத்திய ஸ்ட்ரான்சியம் புரோமைடு ஒரு நோயாளியின் மரணத்தில் முடிந்தது. பிறகு சோடியம் அயோடைடு கைகொடுத்தது. அதன் பின் வந்த தோரோட்ராஸ்ட் படங்களை மிக அழகாகக் காட்டியது. அது கதிரியக்கத் தோரியம். உடலை விட்டு வெளியேறாமல் கல்லீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைத் தந்தது. (மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, மூளையின் முன்பகுதி இழைகளை வெட்டிவிடும் சிகிச்சைக்காக. நோபல் குழு வெட்கப்பட வேண்டிய தேர்வுகளில் அது ஒன்று.) நம் ஊரில் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியபோதும், அடுத்த ஆண்டு பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கியபோதும் கையிலிருந்தவை இந்தக் காற்றுப் படமும் குழாய்ப் படமும்தான். இரண்டிலுமே கட்டி தெரியாது. அறை ஒதுங்கியிருப்பதும் குழாய் வளைந்திருப்பதும் தெரியும். வந்தவர் யார் என்பதை, வீட்டுச் சாமான் நகர்ந்து கிடப்பதிலிருந்து கண்டுபிடிக்க வேண்டிய நிலை.

இந்த நிலையை மாற்றியது சி.டி. என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படி மாற்றியது என்பதில் பலருக்கும் தெளிவில்லை. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவர் அல்லர். லண்டனுக்கு அருகே ஹேயஸில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பொறியாளர். (பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற பணத்தில் பிறந்தது சி.டி. ஸ்கேன் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். பிரிட்டன் சுகாதாரத் துறை போட்ட பணம் இ.எம்.ஐ. போட்டதைவிட அதிகம் என்பதே கணக்கு காட்டும் உண்மை.) 1967 வாக்கில் அவருக்குத் தோன்றிய யோசனை இது. ஒரு பொருளின் ஊடாகப் பல கோணங்களில் கதிரை அனுப்பி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கதிர் வெளியே வந்தது என்று அளந்தால், அந்த அளவுகளை எல்லாம் சமன்பாடுகளாக வைத்து, உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை விழுங்கியது என்று கணக்கிட்டுவிடலாம். இதற்கான கணிதத்தை ஆஸ்திரியரான யோஹான் ராடான் 1917-இலேயே நிறுவியிருந்தார். தென்னாப்பிரிக்காவின் ஆலன் கார்மாக் அதையே தனியாகக் கண்டுபிடித்து 1963, 1964-இல் கட்டுரைகளாக எழுதினார், கவனித்தவர் அரிது. அமெரிக்க நரம்பியலாளர் வில்லியம் ஓல்டன்டார்ஃப் 1961-இல் ஒரு மாதிரிக் கருவியே செய்து காட்டினார். தலையின் குறுக்குவெட்டை மட்டும் எடுக்கும் இவ்வளவு விலையுள்ள கருவியை யார் வாங்குவார்கள் என்று ஒரு எக்ஸ்-ரே நிறுவனம் அவருக்குப் பதில் எழுதியது. ஹவுன்ஸ்ஃபீல்டு இவர்களில் யாரையும் படித்துவிட்டுத் தொடங்கவில்லை.

பழைய கடைசல் இயந்திரம் ஒன்றின் படுகையில் அவர் அமைத்த முதல் கருவியில் கதிர் மூலம் மிகப் பலவீனமானது. ஒரே ஒரு படத்துக்கு வேண்டிய 28,000 அளவுகளை எடுக்க ஒன்பது நாட்கள் ஆயின, அவற்றைக் கணினி கணக்கிட்டுத் தர இரண்டரை மணி நேரம். எக்ஸ்-ரே குழாயை மாட்டியதும் ஒன்பது நாட்கள் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கின. முதலில் வைத்துப் பார்த்தது ஃபார்மலினில் பதப்படுத்திய மனித மூளையை. சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் பளிச்சென்று பிரிந்து தெரிந்தன. கொண்டாடியிருக்கலாம். ஆனால் ஃபார்மலின்தான் வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பதை ஹவுன்ஸ்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் புரிந்துகொண்டார்கள். இறைச்சிக்கூடத்திலிருந்து புதிய மாட்டு மூளைகளை வரவழைத்துத் திரும்ப எடுத்தார்கள். வேறுபாடு மங்கியது, ஆனால் மறையவில்லை. அதன் பிறகுதான் மனிதத் தலைக்குப் போனார்கள். என் பார்வையில் சி.டி.யின் வரலாற்றில் மிக முக்கியமான தருணம் இதுதான். தன் கருவி நன்றாக வேலை செய்வதுபோலத் தோன்றியதற்குக் காரணம் கருவியா, அதற்குக் கொடுத்த பண்டமா என்று கேட்ட தருணம். இந்தக் கேள்வியைப் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியல் மருத்துவரின் பொறுப்பில், 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்குமோ என்று சந்தேகிக்கப்பட்ட பெண் அவர். தலையை ரப்பர் உறையில் பொருத்தி, சுற்றிலும் தண்ணீர் இருக்க, கருவி ஒரு கோடு அளப்பதும் ஒரு பாகை திரும்புவதுமாக நகர்ந்தது. 180 கோணங்கள், கோணத்துக்கு 160 அளவுகள். காந்த நாடாவில் பதிந்ததை இ.எம்.ஐ.யின் கணினிக்கு அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தது 80-க்கு 80 என்று 6,400 கட்டங்கள் கொண்ட படம். ஒவ்வொரு கட்டமும் 3 மில்லிமீட்டர் அகலமும் 13 மில்லிமீட்டர் கனமும் உள்ள மூளைத் துண்டின் சராசரி எண். இடது முன்பகுதியில் வட்டமாக ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. அறுவை செய்த மருத்துவர் படத்தில் கண்டது அப்படியே உள்ளே இருந்ததாகச் சொன்னார் என்று ஹவுன்ஸ்ஃபீல்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

'அப்புறம் என்ன, கட்டியைப் பார்த்தாகிவிட்டதே?' என்று இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கருவி தந்தது எண்களின் அட்டவணை. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று இன்று நாம் பயன்படுத்தும் அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையே உள்ள தூரம் பத்து அலகு தேறினால் அதிகம். ஆயிரக்கணக்கான அலகுகளை அப்படியே திரையில் கறுப்பு வெள்ளையாக விரித்தால் மனிதக் கண்ணுக்கு மூளை முழுவதும் ஒரே நிறமாகத்தான் தெரியும். ஆகவே, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் பரப்ப வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். ஒரே தலையின் ஒரே ஸ்கேன், அந்தத் திருகைத் திருப்பினால் எலும்பைக் காட்டும், இன்னொரு பக்கம் திருப்பினால் மூளையைக் காட்டும். திரையில் நாம் காண்பது ஏற்கெனவே ஒரு தேர்வின் விளைவு. முதல் நோயாளியின் கட்டி நீர் நிரம்பியது. அதன் எண் சுற்றுப்புறத்தின் எண்ணிலிருந்து விலகி நின்றது, எல்லை கூர்மையாக இருந்தது. அதிர்ஷ்டசாலிக் கருவி. மூளையோடு மூளையாகப் பரவும் கிளையோமா முதலில் வந்திருந்தால் கதை இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

எண்ணே நோயைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அடுத்து எம்.ஆர்.ஐ.யின் பிறப்பிலும் இருந்தது. ரேமண்ட் டமாடியன் 1971-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, எலிகளின் புற்றுத்திசு காந்தப்புலத்தில் நல்ல திசுவைவிட மெதுவாகத் தளர்கிறது என்று காட்டியது. அந்தத் தளர்வு நேரத்தை அளந்தாலே புற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் எண்ணினார். 1973-இல் பால் லாட்டர்பர் இரண்டு தண்ணீர்க் குழாய்களைப் படமாக எடுத்துக் காட்டியபோது அவருக்குப் புற்றுக்கான எண் தேவைப்படவில்லை, எது எங்கே இருக்கிறது என்ற வரைபடமே போதுமானதாக இருந்தது. 2003-இல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனபோது டமாடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: டமாடியனின் எண் மருத்துவமனையில் தனித்து நிற்கவில்லை. நீர் கோத்த திசுவும் மெதுவாகத் தளர்கிறது, வீக்கமும் அப்படியே, புற்றும் அப்படியே.

எண்பதுகளின் இறுதியில் கடோலினியம் ஊசி வந்தது. மருந்து போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கட்டி வெள்ளையாக ஒளிர்வதை நோயாளிகளின் வீட்டார்கூட இன்று காட்டிக் கொடுப்பார்கள். ஒளிர்வது கட்டி அன்று. மூளையின் ரத்தக்குழாய்களுக்குச் சாதாரணமாக ஒரு கட்டுக்காவல் உண்டு, கடோலினியம் வெளியே வர முடியாது. காவல் உடைந்த இடத்தில் மருந்து கசிகிறது, கசிந்த இடம் வெளுக்கிறது. உடைத்தது கட்டியாகவும் இருக்கலாம், சீழாகவும் இருக்கலாம், சிகிச்சையாகவும் இருக்கலாம். இது வெறும் தர்க்கம் இல்லை என்பதைக் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டிக்கான சிகிச்சையே காட்டியது. 1990 முதல் மருத்துவர்கள் மெக்டொனால்டு விதிகளின்படி, ஒளிரும் பகுதியின் நீளத்தையும் குறுக்களவையும் பெருக்கி, கூடினால் நோய் முற்றுகிறது, குறைந்தால் குணமாகிறது என்று கணக்கு வைத்தார்கள். 2005-க்குப் பிறகு கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரை கொடுப்பது வழக்கமானபோது, சிலருக்கு ஒளிர்வு பெருகி, சிகிச்சையை மாற்றாமலே சில மாதங்களில் தணிந்தது. எதிர்ப்புறமாக, பெவாசிசுமாப் மருந்து குழாய்களின் கசிவை அடைத்தபோது ஓரிரு நாட்களிலேயே ஒளிர்வு மங்கியது, கட்டி உள்ளே இருந்தபடி இருந்தது. 2010-இல் விதிகளையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியோடுதான் கணினிவழிப் படப் பகுப்பாய்வு களத்துக்கு வருகிறது. 1985-இல் செயின்ட் லூயிஸில் மைக்கேல் வானியர் குழுவினர், நாசாவினர் செயற்கைக்கோள் படங்களில் வயலையும் காட்டையும் நீர்நிலையையும் பிரிக்கக் கையாண்ட முறையை எம்.ஆர்.ஐ.க்குப் பொருத்தினார்கள். ஒரே இடத்தை வெவ்வேறு அலைநீளங்களில் எடுப்பதுபோல, ஒரே மூளைத் துண்டை வெவ்வேறு அமைப்புகளில் எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைத்த எண்களின் சேர்க்கையை வைத்து இனம் பிரித்தார்கள். ஜப்பானியரான ஓட்சு 1979-இல் எழுதிய முறையோ இன்னும் எளியது: புள்ளிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கச் சிறந்த எல்லை எண் எது என்று கணினியே கண்டுபிடிக்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டமாக மூளைக்கட்டியை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் இன்றும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். மேட்லேப் மென்பொருளில் ஒரு படத்தை ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, மண்டையோட்டை நீக்கி, எல்லை எண்ணைப் போட்டால் வெள்ளையாக ஒரு தீவு மிஞ்சும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் எம்.ஆர்.ஐ.யில் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோல் போல நிலையான எண் கிடையாது. கருவி மாறினால் எண் மாறும், ஒரே படத்திலேயே காந்தப்புலம் சீராக இல்லாததால் ஒரு ஓரம் வெளுத்தும் மறு ஓரம் இருண்டும் இருக்கும். கட்டியின் எண்ணும், பக்கத்தில் கொழுப்பின் எண்ணும், ரத்தக்குழாயின் எண்ணும் ஒன்றாகவே விழலாம். எண்ணை விட்டு விளிம்பைத் துரத்தும் முறைகளும் வந்தன. 1988-இல் காஸ், விட்கின், டெர்சோபூலஸ் மூவரும் எழுதிய 'பாம்பு' முறை, கட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய கோட்டை விட்டால் அது நெளிந்து நெளிந்து விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும் என்றது. விளிம்பு இருக்கிறது என்பது அதன் முன்முடிவு.

கிளையோமாவுக்கு விளிம்பு உண்டா? காற்றுப் படத்தைத் தந்த அதே டாண்டி 1928-இல் இதற்குப் பதில் சொல்லிவிட்டார், தான் விரும்பாத விதத்தில். ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்துபோன நோயாளிகளில் சிலருக்கு அவர் மூளையின் வலது அரைக்கோளம் முழுவதையும் அகற்றினார். கட்டி எவ்வளவு பரவியிருந்தாலும் பாதி மூளையோடு சேர்ந்து போய்விடும் என்பது எண்ணம். கட்டி திரும்பி வந்தது. படத்தில் தெரியும் ஓரத்துக்கு அப்பால், எல்லா ஸ்கேனிலும் ஆரோக்கியமாகத் தோன்றும் திசுவுக்குள்ளும், அதன் செல்கள் தனித்தனியாக ஊர்ந்து போயிருக்கின்றன. ஆகவே ஸ்கேன் மேல் வரையப்படும் கோடு இயற்கையில் இருக்கும் எல்லை அன்று. மருத்துவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் மருத்துவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று ஒருமுறை அளந்தும் பார்த்தார்கள். 2012-இல் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த மாநாட்டையொட்டி பிராட்ஸ் என்ற போட்டி தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே ஸ்கேன் தொகுப்பு, நிபுணர்கள் கையால் வரைந்த எல்லைகள், யாருடைய அல்காரிதம் அந்த எல்லைக்கு நெருங்குகிறது என்று பார்ப்பது. நெருக்கத்தை அளக்கும் கோலுக்கு டைஸ் என்று பெயர். லீ டைஸ் 1945-இல் இரண்டு உயிரினங்கள் ஒரே இடத்தில் எவ்வளவு சேர்ந்து வாழ்கின்றன என்று அளக்க வகுத்த சூத்திரம் அது. காட்டுயிர்க் கணக்கெடுப்புக்காகப் பிறந்த கோல் கதிரியலின் தராசாக ஆகிப்போனது. 2015-இல் வெளியான போட்டி அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அல்காரிதங்களின் மதிப்பெண் அன்று. கட்டியின் உட்பகுதிகளை வரைவதில் நிபுணருக்கும் நிபுணருக்கும் இடையே இருந்த ஒற்றுமையே 74 முதல் 85 சதவீதம்தான் என்ற வரி. பங்கெடுத்த 20 அல்காரிதங்களில் எதுவும் எல்லாப் பகுதியிலும் முதலாக வரவில்லை. நல்லவற்றைக் கூட்டி வாக்கெடுத்தபோது அந்தக் கூட்டு முடிவு ஒவ்வொன்றையும் தனித்தனியே விஞ்சியது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது: மனிதர்களே இப்படி முரண்படும்போது, களைப்பில்லாமல் ஒரே மாதிரி வரையும் இயந்திரம் மேல் அல்லவா? ஆம், ஒரு வேலைக்கு மேல்தான். மூன்று மாதம் முன்பு எடுத்த ஸ்கேனையும் இன்று எடுத்ததையும் ஒப்பிட்டுக் கட்டி எத்தனை கன சென்டிமீட்டர் வளர்ந்தது என்று சொல்ல, இரு வேறு மனிதர்களின் கையைவிட ஒரே இயந்திரத்தின் கை நம்பகமானது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் மாறாமல் இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. ஒரே இடத்தில் ஒரே அளவு தவறுகிற கோலும் மாறாத கோல்தான்.

இரண்டாவது மறுப்பு, ஆழ்கற்றல் இந்தப் பழைய வாதத்தையெல்லாம் தாண்டிவிட்டது என்பது. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2015-இல் நுண்ணோக்கிப் படங்களுக்காக உருவான யு-நெட் அமைப்பு சில ஆண்டுகளில் இந்தத் துறையையே எடுத்துக்கொண்டது உண்மை. எந்த அம்சத்தைப் பார்க்க வேண்டும் என்று இனி மனிதர் சொல்லித் தர வேண்டாம், படங்களைக் கொடுத்தால் தானே கற்கும். ஆனால் எதைக் கற்கும்? கையால் வரைந்த அதே கோட்டை. விதியை எழுதும் வேலையிலிருந்து மனிதர் விலகி, விடையை எழுதும் வேலையில் உட்கார்ந்திருக்கிறார். மனிதருக்குத் தெரியாததை இயந்திரம் காணும் என்றும் சொல்கிறார்கள். அதைச் சோதிக்க 2021-இல் நல்ல வாய்ப்பு வந்தது. கிளையோபிளாஸ்டோமாவில் எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவின் நிலையை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து கணிக்க முடியுமா என்று வட அமெரிக்கக் கதிரியல் சங்கமும் பிராட்ஸ் குழுவும் சேர்ந்து உலகளாவிய போட்டி வைத்தன. காசைச் சுண்டிப் பார்த்தால் 0.5 கிடைக்கும் அளவுகோலில் முதல் பரிசு பெற்ற முறை ஏறத்தாழ 0.62 எடுத்தது. படத்தில் அந்தத் தகவல் போதுமான அளவு இல்லை என்று எடுத்துக்கொள்வதே இப்போதைக்கு நியாயம்.

அப்படியானால் 98, 99 சதவீதம் என்று வருகிற ஆய்வுக் கட்டுரைகள்? இங்கேதான் ஹவுன்ஸ்ஃபீல்டின் ஃபார்மலின் நினைவுக்கு வர வேண்டும். இந்த வகைக் கட்டுரைகள் அடிக்கடி எடுத்தாளும் தொகுப்பு ஒன்றில் 3,064 படங்கள் இருக்கின்றன. சீனாவின் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 233 நோயாளிகளுடையவை. சராசரியாக ஒருவருக்கு 13 படங்கள், அடுத்தடுத்த துண்டுகள், ஒன்றையொன்று உரித்து வைத்தாற்போல இருப்பவை. தொகுத்தவர்கள் நோயாளி வாரியாகப் பிரித்தே தங்கள் முறையைச் சோதித்தார்கள். பின்னால் எடுத்தவர்களில் பலர் படங்களைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, ஒரு பங்கைப் பயிற்சிக்கும் ஒரு பங்கைத் தேர்வுக்கும் வைத்தார்கள். அப்போது ஒரே நோயாளியின் ஏழாவது துண்டு பயிற்சியிலும் எட்டாவது துண்டு தேர்விலும் வந்து உட்காரும். இயந்திரம் கட்டியை அடையாளம் காண வேண்டியதில்லை, ஆளை அடையாளம் கண்டாலே போதும். மாட்டு மூளையை வரவழைக்கும் அக்கறைக்குச் சமமானது இன்று, வேறு ஊரில், வேறு கருவியில் எடுத்த ஸ்கேன்களைக் கொடுத்து மறுபடி சோதிப்பது. பிராட்ஸ் போட்டியே 2023-இல் ஆப்பிரிக்க மருத்துவமனைகளின் ஸ்கேன்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னும் அடிப்படையான ஒரு சிக்கல் உண்டு. இந்தத் தொகுப்புகளில் இருப்பவர்கள் கட்டி உண்டு என்று ஏற்கெனவே உறுதியானவர்கள். கட்டி எங்கே என்று கேட்டால் இயந்திரம் சொல்லும். கட்டிதானா என்ற கேள்வி அதனிடம் கேட்கப்படவே இல்லை. நம் நாட்டில் அந்தக் கேள்விக்குத்தான் விலை அதிகம். சி.டி. ஸ்கேன் இந்தியாவில் பரவிய 1980-களில், வலிப்போடு வந்த இளம் வயதினர் பலருக்கு மூளையில் சிறு வட்டமாக ஒளிரும் ஒரு புள்ளி தெரிந்தது. மூளைக்குள் காசநோய்க் கட்டி இங்கே சாதாரணமாகப் பார்க்கிற நோய் என்பதால், பலருக்கும் மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வட்டம் மறைந்தது, மருந்து வேலை செய்தது என்று எண்ணினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளிகளிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலானவை காசநோயும் இல்லை, புற்றும் இல்லை. நாடாப்புழுவின் குஞ்சு மூளையில் தங்கி மடிந்த தடம். 1989-இல் 'லான்செட்' இதழில் அதை எழுதினார்கள். அவை மருந்தில்லாமலும் தாமே மறையக் கூடியவை.

அந்தக் குழு பிறகு வகுத்துத் தந்த விதிகளில் சில ஸ்கேனைப் பற்றியவை: ஒரே ஒரு ஒளிரும் புள்ளி, 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், மூளையின் நடுக்கோடு நகராமல். மற்றவற்றுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்: வலிப்புதான் முதல் அறிகுறியா, தலைக்குள் அழுத்தம் கூடியதற்கான அடையாளம் நீடிக்கிறதா, கை கால் பலம் நாளுக்கு நாள் குறைகிறதா, உடலில் வேறு நோய் தீவிரமாக இருக்கிறதா. இரண்டு பட்டியலும் பொருந்தினால் மண்டையைத் திறக்க வேண்டாம், வலிப்பு மருந்து கொடுத்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் போதும் என்று முடிவு செய்யலாம். இந்த இரண்டாவது பட்டியலை எந்தப் பயிற்சித் தொகுப்பிலும் படத்தோடு சேர்த்து வைக்காதவரை, வேலூரில் எடுத்த ஸ்கேனுக்கு வேறு நாட்டில் பயின்ற இயந்திரம் சொல்லும் பதிலைக் கதிரியல் மருத்துவர் இன்னொரு சந்தேகமாகத்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

(தொடரும்)